சரிந்த கடன் மதிப்பெண்ணும் கடன் அட்டையும்: நோயாளிகளின் குடும்பங்களுக்குச் சில விளக்கங்கள்

ஓசூர் சிப்காட் தொழிற்சாலைகளில் பணிபுரியும் ஒருவர் நோயுற்றுப் படுத்தால் முதலில் நிற்பது ஊதியம். அடுத்து நிற்பது மாதத் தவணை. சில தவணைகள் தவறியதும் சிபில் மதிப்பெண் சரிகிறது. புதிய கடன் மறுக்கப்படுகிறது. அதன்பின் பலர் குறைத்துக்கொள்வது மருந்துச் செலவைத்தான். இன்சுலின் அளவைத் தாமாகவே பாதியாக்கிக்கொள்வோரைப் புறநோயாளிப் பிரிவில் காண்கிறோம். ஆகவே, இப்பொருள் மருத்துவத்திற்கு அயலானதன்று.

மதிப்பெண் சொல்வது என்ன?

சிபில் மதிப்பெண் 300 முதல் 900 வரை அமைகிறது. எச்பிஏ1சி பரிசோதனை ஏறத்தாழ மூன்று மாதச் சர்க்கரை நிலையைக் காட்டுவதுபோல, இம்மதிப்பெண் கடந்தகாலத் தவணைப் பழக்கத்தைக் காட்டுகிறது. ஒருநாள் பத்தியத்தால் முன்னது இறங்காது; ஒருமுறை பணம் கட்டியதால் பின்னது ஏறாது. பணம் பெற்றுக்கொண்டு மதிப்பெண்ணை உடனே உயர்த்தித் தருவதாகக் கூறும் முகவர்களை நம்ப வேண்டாம்.

முதலில் அறிக்கையைப் பாருங்கள்

சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க் ஆகிய நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். அடைத்த கடன் நிலுவையாகக் காட்டப்பட்டிருந்தால் முறையிடுங்கள். 30 நாட்களுக்குள் தீர்வு கிட்டாவிடில் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு பெறும் உரிமை உண்டு.

எந்த அட்டை?

மதிப்பெண் சரிந்தவர்களுக்கு ஏற்றது, வைப்புத்தொகையை ஈடாகக் கொண்டு வங்கிகள் வழங்கும் கடன் அட்டை. வைப்புத்தொகைக்கு வட்டி தொடர்ந்து கிடைக்கும். அதன் பெரும்பகுதி செலவு வரம்பாக அமையும். ஆண்டுக் கட்டணம், வட்டி விகிதம், தாமதக் கட்டணம் ஆகிய மூன்றையும் கேட்டறிந்து ஒப்பிடுங்கள். ஒரே மாதத்தில் பல வங்கிகளில் விண்ணப்பிக்காதீர்கள். அதுவும் மதிப்பெண்ணைக் குறைக்கும். மளிகை போன்ற சிறு செலவுக்கு மட்டும் பயன்படுத்தி, முழுத்தொகையையும் உரிய நாளில் கட்டுங்கள். அட்டையைக் கொண்டு ரொக்கம் எடுத்தால் அன்றே வட்டி தொடங்கும்.

குறைந்தபட்சத் தொகை மட்டும் கட்டுவது ஆபத்தானது. 10,000 ரூபாய் நிலுவைக்கு மாதம் 3.5 விழுக்காடு வட்டி எனில் 350 ரூபாய். அதன்மீது 18 விழுக்காடு ஜிஎஸ்டி 63 ரூபாய். 500 ரூபாய் கட்டினால் கடனில் குறைவது 87 ரூபாய் மட்டுமே.

மருத்துவச் செலவுக்கு அட்டை வேண்டாம்

இவ்வட்டை மதிப்பெண்ணை மீட்பதற்கு உரியது. சிகிச்சைச் செலவைச் சுமப்பதற்கு அன்று. மாத ஊதியம் 21,000 ரூபாய்க்கு மிகாத தொழிலாளர்கள் இஎஸ்ஐ அட்டையைத் தேடி எடுங்கள். தகுதியுடையோருக்குச் சிகிச்சையுடன், நோய்க்கால உதவியாக ஆண்டில் 91 நாட்கள் வரை ஊதியத்தில் 70 விழுக்காடு கிடைக்கும். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குட்பட்ட குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் உண்டு.

இரத்த அழுத்தம், நீரிழிவுக்கான மாத்திரைகளை வீட்டிற்கே கொண்டுவந்து இலவசமாகத் தரும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்டது நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். எனவே, பணமுடை ஏற்பட்டால் மருந்தை நிறுத்துமுன் எங்களிடம் கூறுங்கள். தவறிய தவணையைப் பின்னர் ஈடுசெய்யலாம். மருந்தின்றிப் பழுதடைந்த சிறுநீரகத்தை அவ்வாறு மீட்க இயலாது.