7 லீற்றரும் 240 லீற்றரும்: ஆபத்தான பொருட்களுக்கான விலக்கை யார் எழுதுகிறார்கள்?

யுத்த காலத்தில் வடக்கிலும் கிழக்கிலும் வாழ்ந்தவர்களுக்கு ‘ஆபத்தான பொருள்’ என்றால் என்ன என்று யாரும் விளக்கத் தேவையில்லை. பென் டோர்ச் பற்றரி ஆபத்தான பொருள். சீமெந்தும் யூரியாவும் ஆபத்தான பொருட்கள். 1990இல் வந்த பொருளாதாரத் தடைக்குப் பிறகு மண்ணெண்ணெய்க்கும் தட்டுப்பாடு. ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்துக் கொஞ்சம் எண்ணெய் விட்டு எரித்த விளக்கில் ஒரு தலைமுறையே படித்தது. எதை, எவ்வளவு கொண்டுபோகலாம் என்பது பெரும்பாலும் சோதனைச் சாவடியில் நிற்பவரின் அன்றைய மனநிலையில் தங்கியிருந்தது.

இதனால் ‘விலக்கு’ என்ற சொல்லைக் கேட்டாலே எங்களுக்குக் கடிதமும் காத்திருப்பும் கெஞ்சலும்தான் நினைவுக்கு வருகின்றன. ஆனால், ஆபத்தான பொருட்களை வீதியால் கொண்டுசெல்வது பற்றிய சர்வதேச விதிகளில் விலக்கு என்பது முன்கூட்டியே எழுதி வைக்கப்பட்ட ஒரு கணக்கு. பொருளைக் கொண்டுபோகிறவர் யாரையும் கேட்காமல் தானே அதைப் போட்டுப் பார்க்கலாம்.

ஜெனீவாவில் எழுதிய கணக்கு

ஏ.டி.ஆர். என்று சுருக்கமாக அழைக்கப்படும் உடன்படிக்கை 1957 செப்டெம்பர் 30ஆம் திகதி ஜெனீவாவில் உருவானது. நடைமுறைக்கு வந்தது 1968 ஜனவரியில். இன்று 50இற்கும் மேற்பட்ட நாடுகள் இதில் இணைந்துள்ளன. இலங்கை இதில் இல்லை. ஆனால் பிரான்ஸிலும் ஜேர்மனியிலும் சுவிற்சர்லாந்திலும் பிரித்தானியாவிலும் வான் ஓட்டும் எங்கள் உறவுகள் பலர் இந்த விதிகளுக்குள்தான் ஓட்டுகிறார்கள்.

விதிகள் கடுமையானவை. சாரதிக்கு விசேட பயிற்சிச் சான்றிதழ், வாகனத்தில் செம்மஞ்சள் பலகை, தீயணைப்புக் கருவிகள், எழுத்திலான அவசர அறிவுறுத்தல்கள் எல்லாம் வேண்டும். இந்தக் கடுமைக்குக் காரணம் இருக்கிறது. 1978 ஜூலை 11ஆம் திகதி ஸ்பெயினில் அளவுக்கு மீறி புரொப்பிலீன் ஏற்றிச் சென்ற பௌசர் ஒன்று, கடற்கரையோரம் மக்கள் கூடாரமிட்டுத் தங்கியிருந்த இடத்தருகே தீப்பற்றி வெடித்தது. இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

ஆனால் புல்வெட்டும் இயந்திரத்துக்கு ஒரு கான் பெற்றோல் வாங்கிப் போகிறவரிடமும் இதையெல்லாம் கேட்டால் என்ன நடக்கும்? எல்லோரும் விதியை மீறுவார்கள். எல்லோரும் மீறுகிற விதி ஒருவரையும் பாதுகாக்காது. விலக்குகள் அதற்காகத்தான் எழுதப்பட்டன.

முதலாவது, தனிநபருக்கானது. சொந்தப் பாவனைக்காக, மீள நிரப்பக்கூடிய கானில் பெற்றோல் போன்ற எரியும் திரவத்தைக் கொண்டுபோனால் ஒரு கானுக்கு 60 லீற்றர், ஒரு வாகனத்துக்கு 240 லீற்றர் வரை இந்த விதிகள் பொருந்தா. கசியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. நாட்டுக்கு நாடு உள்ளூர் விதிகளும் உண்டு என்பதையும் மறக்கக் கூடாது.

இரண்டாவது, தொழிலாளிக்கானது. மேசனோ பெயின்ரரோ வேலைத்தளத்துக்குத் தனக்குத் தேவையானதை எடுத்துச் செல்லலாம். ஒரு கொள்கலத்தில் 450 லீற்றருக்கு மேல் இருக்கக் கூடாது. மொத்த அளவுக்கும் வரம்பு உண்டு. அதே பொருளைக் கடைகளுக்கு விநியோகிக்கக் கொண்டுபோனால் இந்த விலக்கு கிடையாது.

மூன்றாவது, 1000 புள்ளிக் கணக்கு. பொதிகளாகக் கொண்டுசெல்லும்போது டீசலோ மண்ணெண்ணெயோ லீற்றருக்கு 1 புள்ளி, பெற்றோல் லீற்றருக்கு 3 புள்ளி, இன்னும் ஆபத்தான சிலவற்றுக்கு 50 புள்ளி. 250 லீற்றர் பெற்றோலும் 200 லீற்றர் டீசலும் ஏற்றினால் 950. செம்மஞ்சள் பலகையும் சாரதியின் விசேட சான்றிதழும் தேவையில்லை. இன்னுமொரு 20 லீற்றர் பெற்றோலை ஏற்றினால் 1010. இப்போது முழு விதியும் பொருந்தும். வரம்புக்குள் இருந்தாலும் சரியான பொதி, ஆவணம், 2 கிலோ தீயணைப்புக் கருவி, அடிப்படைப் பயிற்சி என்பன கட்டாயம். எபோலா போன்ற கொடிய நோய்க்கிருமிகளுக்கு இந்தக் கணக்கில் எந்த விலக்கும் இல்லை.

நான்காவது ஒரே ஒரு வரிதான். உயிரைக் காப்பாற்றுவதற்கான அவசரப் பயணத்துக்கு, பாதுகாப்புக்கான எல்லா ஏற்பாடுகளும் செய்யப்பட்டிருந்தால், இந்த விதிகள் தடையாக இரா. மருந்துக்காகக் காத்திருந்த வன்னி வைத்தியசாலைகளை நினைக்காமல் இந்த வரியைக் கடந்துபோவது எங்களுக்குக் கடினம்.

எங்கள் கணக்கு

எங்கள் மண்ணிலும் ஒருமுறை இப்படியொரு கணக்கு எழுதப்பட்டது. 2002 பெப்ரவரி 22ஆம் திகதி கைச்சாத்தான யுத்தநிறுத்த உடன்படிக்கையின் பின்னிணைப்பில் அது இருக்கிறது. வெடிபொருட்கள், முள்ளுக்கம்பி, தொலைநோக்கி, திசைகாட்டி, பென் டோர்ச் பற்றரி என்பன புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிக்குள் போகக் கூடாது. பெற்றோலும் டீசலும் போகலாம், ஆனால் அளவாக. அரசாங்க அதிபர் வாகனங்களைப் பதிவு செய்து வாரத் தேவையைக் கணக்கிட வேண்டும். மோட்டார் சைக்கிளுக்கு 7 லீற்றர், இருசில்லு உழவு இயந்திரத்துக்கு 40, நான்குசில்லுக்கு 310, மீன்பிடிக் கலத்துக்கு 400.

ஏ.டி.ஆர். கணக்கும் இதுவும் எண்கள்தான். ஆனால் 240 லீற்றர் வரம்பு தீயை மனதில் வைத்து எழுதப்பட்டது. 7 லீற்றர் வரம்பு எங்களை மனதில் வைத்து எழுதப்பட்டது. எட்டாவது லீற்றர் கூடுதலாக எரியும் என்று யாரும் நினைக்கவில்லை. அது யாருடைய கைக்குப் போகும் என்றுதான் பயந்தார்கள். அப்படியிருந்தும் அந்த எண் எழுத்தில் இருந்தது முன்னைய நிலையைவிட மேல். தன் உழவு இயந்திரத்துக்கு 310 லீற்றர் என்று ஒரு விவசாயி உரிமையுடன் கேட்க முடிந்தது.

2022 எரிபொருள் நெருக்கடியில் கான்களுக்கு எரிபொருள் நிரப்பத் தடை வந்தபோது அந்தப் பழைய நினைவு பலருக்குத் திரும்பியது. தடைக்கு நியாயம் இருந்தது. பெற்றோல் ஆவி காற்றைவிடப் பாரமானது. நிலத்தோடு பரவி அடுத்த அறையின் அடுப்பிலும் தீப்பிடிக்கும். வீட்டில் கானில் வைப்பது உண்மையான ஆபத்து. ஆனால் வள்ளத்தையோ தோட்டத்து நீரிறைக்கும் இயந்திரத்தையோ எரிபொருள் நிலைய வரிசைக்குத் தள்ளிக்கொண்டு போக முடியாது. கடற்றொழிலாளரும் விவசாயிகளும் மறுபடியும் கடிதங்களுக்காக அலுவலகங்களுக்கு அலைந்தார்கள்.

அடுத்த நெருக்கடி வரும்போது நாம் கேட்க வேண்டியது கருணையை அல்ல. ஒரு கானுக்கு எத்தனை லீற்றர், ஒரு வாகனத்துக்கு எத்தனை லீற்றர், எந்தத் தேவைக்கு, என்ன பாதுகாப்பு நிபந்தனையுடன் என்ற நான்கு விடயங்களும் முன்கூட்டியே தமிழில் எழுதப்பட்டு, ஒவ்வொரு எரிபொருள் நிலையச் சுவரிலும் ஒட்டப்பட்டிருக்க வேண்டும். அப்படி ஒட்டப்பட்டிருந்தால், கானோடு வருகிறவரும் அவரை மறிக்கிற பொலிஸ்காரரும் ஒரே கணக்கைத்தான் பார்ப்பார்கள்.