பெர்ரி பிரபுவின் பிரார்த்தனைப் புத்தகம்

1411ஆம் ஆண்டின் புத்தாண்டு தினத்தன்று, பிரெஞ்சு மன்னர் ஆறாம் சார்லஸுக்குச் சிறிய தகப்பனார் முறையான பெர்ரி டியூக் ழான் பிரபுவுக்கு, அவரிடம் ஊழியம் புரிந்த மூன்று ஓவியச் சகோதரர்கள் ஒரு புத்தகத்தைக் காணிக்கையாக அளித்தனர். வெண்ணிற வெல்வெட் போர்த்தி, பொன்முலாம் பூசிய வெள்ளிக் கொக்கிகள் பூட்டிய அந்த அழகிய புத்தகத்தை எவராலும் திறக்க இயலாது. ஏனெனில் அது புத்தகம் போல் வர்ணம் தீட்டப்பெற்ற மரக்கட்டை. பிரபுவின் கணக்கர் அந்தக் கட்டையையும் மற்ற ஆஸ்திகளோடு ஒன்றாகப் பட்டியலில் பதிந்து வைத்தமையால்தான், எஜமானரிடம் இப்படி விளையாடும் உரிமை அச்சகோதரர்களுக்கு இருந்தது என்பது இன்று நமக்குத் தெரிகிறது.

லிம்பூர்க் சகோதரர்கள் என்று பெயர் பெற்ற போல், ஹெர்மன், ழான் ஆகிய இம்மூவரும் நெதர்லாந்தின் நைமேகன் நகரத்தார். இவர்களுள் ஹெர்மனும் ழானும் இளவயதில் பாரிஸ் நகரத்துப் பொற்கொல்லர் ஒருவரிடம் தொழில் பயின்றவர்கள். 1399இல் கொள்ளைநோய்க்கு அஞ்சி ஊர் திரும்பும் வழியில் பிரஸ்ஸல்ஸில் பிடிபட்டுச் சிறையிருந்து, பர்கண்டி டியூக் பணம் கட்டியதனால் மீண்டவர்கள். பொன்னோடு பழகிய அந்தப் பயிற்சி வீண்போகவில்லை என்பதற்கு, 1411 அல்லது அதற்குச் சற்றுப் பின் பெர்ரி பிரபுவுக்காக அவர்கள் தொடங்கிய பிரார்த்தனைப் புத்தகமே சாட்சி. 'டிரே ரீஷ் எர்' என்ற பிரெஞ்சுப் பெயரால் உலகம் அதனை அறியும்.

பகலையும் இரவையும் எட்டு வேளைகளாகப் பகுத்து, ஒவ்வொரு வேளைக்கும் உரிய மரியன்னை துதிகளையும் சங்கீதங்களையும், இறந்தோருக்கான ஜெபங்களையும் தொகுத்து, முன்புறம் புனிதர்களின் திருநாட்களைக் காட்டும் பஞ்சாங்கம் ஒன்றையும் சேர்த்துத் தருவது இவ்வகைப் புத்தகத்தின் இலக்கணம். துறவிகள் மடாலயத்தில் ஓதுவதை இல்லறத்தார் தம் வீட்டிலிருந்தே ஓதுவதற்காக எழுந்த ஏற்பாடு இது. ஆனால் பதினைந்துக்குக் குறையாத பிரார்த்தனைப் புத்தகங்களை ஏற்கனவே வைத்திருந்த ஒரு மனிதர், ஆத்ம லாபம் ஒன்றையே கருதி இன்னும் ஒன்றுக்கு உத்தரவிட்டார் என்று நம்புவது சிரமம்.

இப்புத்தகம் காகிதத்தால் ஆனதன்று. கன்றின் தோலைச் சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து, மயிர் களைந்து, மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டி, பிறைபோல் வளைந்த கத்தியால் சுரண்டிச் சுரண்டி மெலிதாக்கிய ஏடுகள் அவை. முதலில் எழுத்தர் படத்துக்கு இடம் விட்டு எழுதுவார். பிறகு ஓவியர் கோட்டுருவம் வரைவார். அதன்பின் பொன் ஏறும். பசை தடவிய இடத்தில் தங்க ரேக்கை ஒட்டி, நாயின் பல்லாலோ வழவழப்பான கல்லாலோ மெருகேற்றுவார்கள். இந்தத் தேய்ப்பு வர்ணத்தைக் கெடுத்துவிடும் என்பதனாலும், ஈர வர்ணத்தில் ரேக்கு கண்ட இடத்தில் ஒட்டிக்கொள்ளும் என்பதனாலும், பொன் முந்தியும் வர்ணம் பிந்தியுமே வரவேண்டும். நீலத்துக்கு வேண்டிய லாபிஸ் லாசுலி என்னும் கல், ஆப்கானிஸ்தானத்து படக்ஷான் மலைச் சுரங்கங்களிலிருந்து கைமாறிக் கைமாறி ஐரோப்பாவுக்கு வந்து சேரவேண்டும். பெர்ரி பிரபுவின் புத்தகத்தில் அந்த நீலம் ஆகாயம் முழுவதும் தாராளமாக இறைந்து கிடக்கிறது.

பஞ்சாங்கத்தின் ஜனவரிப் பக்கத்தில் பிரபுவே காட்சி தருகிறார். மயிர்த்தோல் தொப்பியும் நீல அங்கியும் அணிந்து விருந்து மேஜையின் பின் அவர் அமர்ந்திருக்க, தலைக்கு மேலுள்ள சிவப்பு விதானத்தில் அவருடைய சின்னங்களான கரடியும் அன்னமும் பொலிகின்றன. மேஜைமேலிருக்கும் கப்பல் வடிவப் பொன் உப்புப் பாத்திரத்தின் இரு முனைகளிலும் அதே கரடியும் அன்னமும்தான். பாத்திரங்களுக்கு இடையே இரண்டு நாய்க்குட்டிகள் தடையின்றி உலவுகின்றன. ஜெபம் செய்யும் புத்தகத்தின் முதற்படமாக ஒருவர் தம் சாப்பாட்டு மேஜையைத் தீட்டச் சொன்னதில் ஒருவகைக் குழந்தைத்தனமான தற்பெருமை இருக்கத்தான் செய்கிறது.

பிப்ரவரியைப் புரட்டினால் பிரபுவும் இல்லை, பொன்னும் அவ்வளவாக இல்லை. பனி மூடிய ஒரு குடியானவர் வீடு. உள்ளே கணப்பருகில் நீல உடைப் பெண் ஒருத்தி பாவாடையைச் சற்றே உயர்த்திக் குளிர் காய்கிறாள். அவளுக்குப் பின்னால் இருவர் அந்த அளவு நாணமும் இன்றி உட்கார்ந்திருக்கின்றனர். வெளியே பட்டியில் ஆடுகள் நெருக்கியடித்து நிற்கின்றன. தேன்கூடுகளின்மேல் பனி குல்லாய் போட்டிருக்கிறது. சிந்திய தீனியைப் பறவைகள் கொத்துகின்றன. ஒருவன் முக்காட்டுக்குள் கைகளை வைத்து ஊதிக்கொண்டு முற்றத்தைக் கடக்கிறான். தூரத்தில் கழுதையை ஓட்டிக்கொண்டு மற்றொருவன் மேடேறுகிறான். ஐரோப்பிய ஓவியத்தில் பனிக்காலத்தை இவ்வளவு உண்மையாகக் காட்டியது இதற்கு முன் அரிது. புத்தகத்தை ஒருநாளும் தொட்டுப் பார்த்திராத ஏழைகளுக்கு, அதன் சொந்தக்காரருக்குக் கிடைத்ததைவிட நல்ல ஓவியம் கிடைத்திருக்கிறது என்பதே என் கட்சி. 1948இல் இப்படத்தை வெளியிட்ட அமெரிக்க 'லைஃப்' பத்திரிகை, கணப்பருகில் இருப்போரின் அங்கங்களை மறைத்துத் திருத்தித்தான் அச்சிட்டது. ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் பிரார்த்தனைப் புத்தகத்துக்கு இல்லாத கூச்சம் பத்திரிகைக்கு வந்துவிட்டது!

1416 ஜூன் மாதத்தில் பிரபு மாண்டார்; அதே ஆண்டில் ஓவியச் சகோதரர் மூவரும் மாண்டனர்; கொள்ளைநோயே காரணமாகலாம் என்பர். கடன் மிகுந்த பிரபுவின் சொத்துக்களை மதிப்பிட்டவர்கள், ஒரு பெட்டியில் கட்டப்படாத ஏட்டுக் கற்றைகளாகக் கிடந்த இப்புத்தகத்துக்கு ஐந்நூறு லிவர் என்று விலை குறித்தனர். பல பக்கங்களில் படத்துக்கு விட்ட இடம் வெறிதாகவே இருந்தது.

வெற்றிடம் நெடுங்காலம் காத்திருந்தது. 1440களில் ஓர் ஓவியர் பஞ்சாங்கத்தின் சில பக்கங்களில் கைவைத்தார் என்பது பலர் முடிவு. 1485 அளவில் புத்தகம் சவாய் டியூக் முதலாம் சார்லஸின் கையில் இருந்தது. அவர் பூர்ஜ் நகரத்து ழான் கொலோம்பை அமர்த்திப் புத்தகத்தை நிறைவு செய்வித்தார். செப்டம்பர் பக்கத்தில் இந்த ஒட்டுவேலையை வெறுங்கண்ணாலேயே காணலாம்: மேலே ஸோமூர் கோட்டை வெண்மையாகக் கூர்மையாக எழுந்து நிற்க, கீழே திராட்சை பறிக்கும் கூட்டம் கொலோம்பின் மங்கலான வேறொரு கைவண்ணத்தில் அமைந்திருக்கிறது. ஒரு பக்கத்தில், துன்புறும் கிறிஸ்துவின் முன் சவாய் டியூக்கும் அவர் மனைவி பிளான்ஷும் மண்டியிட்டிருப்பதையும் கொலோம்ப் தீட்டினார். கரடிக்கும் அன்னத்துக்கும் உரிய புத்தகத்தில் இப்போது சவாய் வம்சத்தின் கேடயமும் ஏறிவிட்டது.

இடைப்பட்ட காலத்து வரலாற்றை விரைவாகவே கடந்துவிடலாம். பதினெட்டாம் நூற்றாண்டில் ஜெனோவா நகரத்து ஸ்பினோலா குடும்பம் புத்தகத்துக்குச் செந்நிறத் தோல் அட்டை கட்டித் தன் சின்னத்தைப் பொறித்தது. பின்னர் வந்த செர்ரா குடும்பத்தார் அதன்மேலேயே தம் சின்னத்தை ஒட்டினர்.

1848ஆம் ஆண்டுப் புரட்சியில் அரியணை இழந்த லூயி பிலிப் மன்னரின் புதல்வர் ஆன்ரி, ஓமால் டியூக் என்பவர், இங்கிலாந்தில் வசித்த காலத்தில், நோயுற்ற தம் தாயாரைக் காண 1855 டிசம்பரில் ஜெனோவாப் பக்கம் சென்றார். அவ்வூரை அடுத்த ஒரு பெண்கள் விடுதிப் பள்ளியில் இப்புத்தகம் விற்பனைக்கு இருந்தது. சிறுமிகள் பாடம் படிக்கும் கட்டடத்தில் ராஜகுமாரர் ஒருவர் பெர்ரி பிரபுவின் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்த அந்தக் காட்சியைக் கதையில் எழுதினால் யாரும் நம்பமாட்டார்கள். டியூரின் நகரத்துப் பிரபு ஒருவரிடமிருந்து 1856இல் அதை அவர் விலைக்கு வாங்கினார். அது எந்தப் புத்தகம் என்பதைப் பழைய ஆஸ்திப் பட்டியலோடு ஒப்பிட்டு, லிம்பூர்க் சகோதரர்களின் பெயரை அதனோடு மீண்டும் சேர்த்து வைத்தவர் தெலீல் என்னும் பிரெஞ்சுப் பேரறிஞர், ஆண்டு 1884. இன்று வழங்கும் பெயரும் அந்தப் பட்டியலின் சொற்களிலிருந்தே கிடைத்தது.

ஓமால் டியூக்குக்கு வாரிசுகள் உயிரோடு எஞ்சவில்லை. ஷாந்தியி அரண்மனையையும் அதிலுள்ள கலைச் செல்வங்களையும் அவர் பிரெஞ்சு இன்ஸ்டிட்யூட்டுக்கு எழுதி வைத்தார். எப்பொருளையும் வெளியிடத்துக்கு இரவலாக அனுப்பலாகாது என்பது அதற்கு நிபந்தனை. ஆகவே உலகத்து அருங்காட்சியகங்கள் எவ்வளவு வேண்டினாலும் இப்புத்தகம் ஊரைவிட்டு அசைவதில்லை. வருகிறவர்கள்தான் பாரிஸுக்கு வடக்கேயுள்ள அச்சிற்றூரைத் தேடி வரவேண்டும். வந்தவர்களுக்கும் தரிசனம் எளிதில் கிட்டுவதில்லை. ஆராய்ச்சியாளர்களைக்கூட அச்சுப்பிரதியைப் பார்க்கச் சொல்லி அனுப்பிவிடும் வழக்கம் நெடுநாள் இருந்தது. பழுதுபார்ப்பதற்காகப் பஞ்சாங்க ஏடுகளைக் கட்டிலிருந்து பிரித்த சமயத்தை ஒட்டி, 2025இல் சில மாதங்கள் அவற்றைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தார்கள். ஏடுகள் திரும்பக் கட்டப்பட்டுவிட்டால், ஒரு நேரத்தில் விரித்த பக்கத்தைத் தவிர வேறெதையும் யாருக்கும் காட்ட முடியாது.