உங்களுக்குத் தெரியுமா? பூண்டி முதல் பழவேற்காடு வரை

மார்கழி, தை மாதங்களில் சென்னைப் பறவை ஆர்வலர்கள் இருட்டோடு கிளம்பி வடக்கே போவார்கள். பூண்டி ஏரியில் ஒரு பொழுது, கும்மிடிப்பூண்டி ஆலைகளைத் தாண்டி பழவேற்காட்டில் ஒரு பொழுது. அந்த வழியில் கண்டதும் கேட்டதும் இங்கே.

நிரம்பித் ததும்பும் ஏரியில் பறவை வகை குறைவு. பூண்டி முழுக் கொள்ளளவில் நிற்கும்போது, நீந்தியும் முங்கியும் மீன் பிடிக்கிற கூழைக்கடாவும் நீர்க்காகமும்தான் பெரும்பாலும் கண்ணில் படும். நீர் இறங்கி ஓரத்துச் சேறு தெரியட்டும், அப்புறம் போய்ப் பாருங்கள். ஊசிவால் வாத்து முங்கி இரை தேடுவதில்லை. தலையைக் கவிழ்த்து வாலைத் தூக்கி, கழுத்து எட்டும் ஆழத்தில் மட்டும் மேயும். ஏரி வற்றுகிறதே என்று நாம் கவலைப்படும் நாளில்தான் அதற்குப் பந்தி விரிகிறது.

பூண்டி நீர்த்தேக்கத்துக்கு சத்தியமூர்த்தி சாகர் என்று பெயர். சென்னை மேயராக இருந்து இதற்கு முயன்ற தீரர் சத்தியமூர்த்தி 1943-இல் மறைந்தார். அணை முடிந்தது 1944-இல்.

சென்னைக் குடிநீருக்கான புதிய நீர்த்தேக்கம் இருப்பதும் இந்த வழியில், கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில்தான். கண்ணன்கோட்டை, தேர்வாய்கண்டிகை என்ற இரண்டு பழைய ஏரிகளை இணைத்துக் கட்டி 2020-இல் திறந்தார்கள். கொள்ளளவு 500 மில்லியன் கன அடி. சிப்காட் தொழிற்பேட்டை பக்கத்திலேயே இருக்கிறது.

பழவேற்காடு ஏரி, சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. தமிழகப் பகுதி 1980-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. நீர் மட்டத்தைப் பார்த்துப் பூநாரைகள் வடக்கும் தெற்குமாக இடம் மாறும். இந்த வருஷம் வரவில்லை என்று முடிவு கட்டுமுன் ஆந்திரத்துச் சூளூர்ப்பேட்டைப் பக்கமும் விசாரியுங்கள்.

பூநாரை தலைகீழாகச் சாப்பிடும். அலகை நீருக்குள் கவிழ்த்து வைத்து, நாக்கை பம்பு போல அசைத்துச் சேற்று நீரை உறிஞ்சி வெளியே தள்ளும். அலகின் ஓரத்துச் சல்லடையில் சிற்றுயிர்கள் தங்கிவிடும். அதன் நிறமும் அந்த இரையிலிருந்து வருவதுதான். கூட்டத்தில் சாம்பல் பூத்தாற்போல் சில தெரிந்தால், அவை குஞ்சுப் பருவம் தாண்டிய இளசுகள். இந்தியாவில் பெரும் பூநாரைகள் முக்கியமாகக் கூடு கட்டுவது குஜராத்தின் கட்ச் உப்பு வெளியில். சேற்றைக் குவித்து மேடாக்கி, அதன்மேல் ஒரே ஒரு முட்டை.

ஒரே சேற்றில் பத்து வகைப் பறவை மேய்ந்தும் சண்டை இல்லை. உப்புக்கொத்தி மேலாகப் பொறுக்கும், கருவால் மூக்கன் ஆழத்தில் குத்தும், கோட்டான் என்ற கரைப்பறவை தன் வளைந்த நீள அலகால் இன்னும் கீழே போய்ப் புழுவை இழுக்கும். கருவால் மூக்கன் சேற்றுக்குள் புதைந்த அலகின் நுனியை மட்டும் திறந்து இரையைக் கவ்வ வல்லது!

ஏரியில் எங்கே எவ்வளவு ஆழம் என்பதைப் பழவேற்காட்டு மீனவர்களைக் கேளுங்கள். யார், எந்த நாளில், எந்த இடத்தில் வலை வைப்பது என்று முறை வைத்துப் பகிர்ந்துகொள்ளும் 'பாடு' அவர்களிடம் தலைமுறைகளாக இருக்கிறது. ஏரி கடலைச் சேரும் முகத்துவாரம் மணல் மூடி அடைபட்டால் ஏரியின் உப்பு மாறும், அவர்களுக்கு இறால் குறையும், பறவையின் இரையும் மாறும்.

பூண்டியிலிருந்து வழியும் கொசஸ்தலையாறு எண்ணூர்க் கழிமுகத்தில் கடல் சேர்கிறது. அங்கே அனல்மின் நிலையச் சாம்பல் பல இடங்களில் சேற்றின்மேல் படிந்து கிடக்கிறது. சாம்பலுக்கு அடியில் புழு இல்லை, புழு இல்லாத சேற்றில் உள்ளானும் இல்லை. இதைச் சரிசெய்யாமல் பறவை குறைந்ததற்கு வேறு காரணம் தேடுவது வீண்.

ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் ஆண்டுதோறும் ஜனவரியில் நடக்கிறது. பொங்கல் விடுமுறையில் நம்மூர் ஆர்வலர்கள் நடத்தும் கணக்கெடுப்பும் உண்டு. உங்கள் தெருக் குளத்து நாமக்கோழியும் அதில் சேரும்.

பழவேற்காடு ஏரியின் மேற்குக் கரையில் நின்றால் காலை வெயில் கண்ணில் குத்தும். பறவைகளின் நிறம் பார்க்க வேண்டுமானால் மூன்று மணிக்கு மேல் போங்கள்.

பெரும் பூநாரை நிற்கும்போது வெளிறித் தெரியும். சிறகை விரித்தால்தான் உள்ளே இருக்கும் செக்கச்சிவப்பு தெரியும். அந்தச் சிவப்பைப் படமெடுக்கவே சிலர் படகைக் கூட்டத்துக்குள் விடச் சொல்கிறார்கள், கை தட்டுகிறார்கள். பூநாரை எழும்ப நீரில் சில அடி ஓட வேண்டும். ஒவ்வொரு முறையும் தின்றதில் ஒரு பங்கு வீணாகும். மாசி, பங்குனியில் நெடும்பயணத்துக்குக் கொழுப்புச் சேர்க்கும் உள்ளான்களும் அதே கலவரத்தில் பறக்கும். படகுக்காரரிடம் தூரத்திலேயே நிறுத்தச் சொல்லுங்கள். அரை மணி பொறுத்திருங்கள், பூநாரை தானே சிறகு விரிக்கும்.