அமைதி காக்கும் மகளிர்

பிரம்மோற்சவக் கூட்டத்தில் குழந்தையைத் தவறவிட்ட தாய், பெண் காவலரைக் கண்டால் தயங்காது அவரிடம் ஓடுவாள். திருப்பதி வாழ் தமிழ் நேயர்கள் இதனை அறிவர். போரில் நலிந்த நாடுகளிலும் பெண்கள் தம் துயரை ஆடவரிடம் எளிதில் உரையார்.

பெண்களைக் காப்பதோடு, அமைதிப் பணியில் அவர்களுக்குப் பங்கும் அளித்தல் வேண்டுமென்று ஐ.நா. பாதுகாப்புக் கவுன்சில் 2000 அக்டோபர் 31-இல் தன் 1325-ஆம் தீர்மானத்தில் கூறிற்று. 2007-இல் நம் மத்திய ரிசர்வ் போலீஸ் மகளிர் ஆப்பிரிக்காவின் லைபீரியா சென்றனர். ஐ.நா. அமைதிப் பணியில் மகளிரே கொண்ட முதல் போலீஸ் பிரிவு அதுவே. அவர்கள் இரவில் ரோந்து சுற்றினர். அங்குள்ள பெண்களுக்குத் தற்காப்புப் பயிற்சியும் அளித்தனர்.

2016-இல் அவர்கள் விடைபெற்றபோது, அந்நாட்டுப் பாதுகாப்புத் துறையில் மகளிர் பங்கு நூற்றுக்கு 6-லிருந்து 17 ஆக உயர்ந்திருந்தது. காவலை நாடிய பெண்கள் தாமே காவலராயினர்.