கூரையில் சுமந்து செல்லும் மின்சாரம்

வேனையே வீடாக்கி, அதன் கூரையில் சோலார் பேனல் பதித்து, ஊர் ஊராகப் போகும் ஆசை பலருக்கு உண்டு. வெயில் இலவசம்தான். ஆனால் கூரை சிறியது, மும்பை மழை பெரியது, சட்டமும் குறுக்கே நிற்கிறது.

2020 அக்டோபர் 12, திங்கட்கிழமை. காலை பத்து மணி சுமாருக்கு மும்பையில் மின்சாரம் போயிற்று. புறநகர் ரயில்கள் பாதி வழியில் நின்றன. மின்வெட்டு என்றால் என்னவென்றே மறந்துபோயிருந்த நகரம் திகைத்து நின்றது. செம்பூரை ஒட்டி, டிராம்பேயில் 1956 முதல் ஓடிக்கொண்டிருக்கும் அனல்மின் நிலையம் இருக்கிறது. வெளியே எங்காவது கோளாறு நேர்ந்தால் நகரம் தன்னைத் துண்டித்துக்கொண்டு தனித்தீவு போலத் தப்பித்துக்கொள்ளும் ஏற்பாடும் 1981 முதல் உண்டு. அன்று அந்த ஏற்பாடும் கைகொடுக்கவில்லை.

ஒன்றரை மாதம் கழித்து, நவம்பர் 26 அன்று, மும்பை ஐ.ஐ.டி.யில் பேராசிரியராக இருந்த சேத்தன் சிங் சோலங்கி போபாலில் ஒரு பஸ்சில் ஏறினார். 2030 வரை அதுதான் தன் வீடு என்று அறிவித்தார். பஸ்சுக்குள் படுக்கை, சமையல் மேடை, கழிப்பறை, அலுவலகம், பத்துப் பேர் உட்கார்ந்து பேச இடம். கூரையில் 3.2 கிலோவாட் சோலார் பேனல், உள்ளே 6 யூனிட் சேமிக்கும் பேட்டரி. விளக்கு, சமையல், கணினி எல்லாவற்றுக்கும் மின்சாரம் கூரையிலிருந்து இறங்கி வருகிறது. எரிசக்தி சுயராஜ்ய யாத்திரை என்று இந்தப் பயணத்துக்குப் பெயர்.

மத்தியப் பிரதேசத்தின் கார்கோன் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் மண்ணெண்ணெய் விளக்கில் படித்தவர் சோலங்கி. சூரிய மின்கலத்தில் பெல்ஜியத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவர். கிராமத்துப் பெண்களே சோலார் விளக்குகளைப் பூட்டி, லட்சக்கணக்கான பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் திட்டத்தை ஐ.ஐ.டி.யிலிருந்து நடத்தியவர். இப்படிப்பட்டவர் ஊர் ஊராகப் போய்ச் சொல்லும் முதல் பாடம் "பேனல் வாங்குங்கள்" என்பதல்ல. தவிர்க்க முடிந்த மின்சாரத்தைத் தவிர்; முடியாததைக் குறை; மீதிக்கு மட்டும் உற்பத்தி செய். இதுதான் அவருடைய மந்திரம்.

வேன் கூரையில் பேனல் மாட்ட நினைப்பவர்கள் முதலில் எழுதிவைத்துக்கொள்ள வேண்டியதும் இதுதான்.

கூரைக் கணக்கு

சாதாரண டெம்போ டிராவலர் ஒன்றின் கூரையில் ஏ.சி. பெட்டி, காற்றுப்போக்கித் திறப்பு எல்லாம் போக, 540 வாட் பேனல் இரண்டு வைக்கலாம். ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஏழரை அடி நீளம், மூன்றே முக்கால் அடி அகலம், 28 கிலோ எடை. சின்ன ஆம்னி வகை வேன் என்றால் 330 வாட் பேனல் ஒன்று, அவ்வளவுதான்.

நல்ல வெயிலில் ஒரு கிலோவாட் பேனல் நாளொன்றுக்குச் சுமார் நான்கு யூனிட் தரும். இது போதுமா? எதற்கு என்பதைப் பொறுத்தது. நான்கு எல்.இ.டி. விளக்கு மாலை முழுக்க எரிந்தாலும் 0.2 யூனிட்டைத் தாண்டாது. 28 வாட் புது ரக மின்விசிறி இரண்டு ராத்திரி முழுக்கச் சுழன்றால் அரை யூனிட்டுக்குச் சற்று மேல். சிறிய டி.சி. ஃபிரிட்ஜுக்கு அரை யூனிட். செல்போன், லேப்டாப், தண்ணீர் மோட்டார் சேர்த்து கால் யூனிட். மொத்தம் ஒன்றரை. இட்லிக்கு மாவு அரைக்கும் சின்ன கிரைண்டர்கூட முக்கால் மணி நேரத்துக்கு 0.1 யூனிட்தான் கேட்கும்.

இதுவரை பிரச்சினை இல்லை. இண்டக்‌ஷன் அடுப்பில் அரை மணி நேரம் சமைத்தால் கிட்டத்தட்ட ஒரு யூனிட் போய்விடும். ஒரு டன் ஏ.சி.யை ராத்திரி எட்டு மணி நேரம் ஓட்டினால் ஐந்து, ஆறு யூனிட். கூரை நாள் முழுக்கச் சம்பாதித்ததை விடிவதற்குள் தின்று தீர்த்துவிட்டுக் கடனும் வைக்கும். கிரைண்டர் ஓடும், ஏ.சி. ஓடாது என்று சுருக்கமாகச் சொல்லலாம்.

சோலங்கியின் பஸ்சிலேயே இந்தக் கணக்கு தெரியும். 3.2 கிலோவாட் கூரை நல்ல நாளில் பன்னிரண்டு யூனிட்டுக்கு மேல் தரக்கூடியது. பேட்டரியோ ஆறு யூனிட்தான் பிடிக்கும். வெயில் இருக்கும்போதே சமையலையும் கணினி வேலையையும் முடித்துக்கொண்டு, ராத்திரிக்கு விளக்கு, விசிறி என்று சிக்கனமாக இருந்தால் பேட்டரியைச் சிறிதாக வைத்துக்கொள்ளலாம். இன்று இந்த ஏற்பாட்டில் பேனலைவிட பேட்டரிக்குத்தான் பணம் அதிகம் போகிறது என்பதால் இது சின்ன லாபமல்ல.

வண்டியையே வெயிலில் ஓட்ட முடியாதா என்று கேட்பவர்கள் உண்டு. நெதர்லாந்தின் ஐன்ட்ஹோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழக மாணவர்கள் 2021-ல் அதைச் செய்துகாட்டினார்கள். ஸ்டெல்லா வீட்டா என்ற அவர்களுடைய சோலார் வீட்டு வண்டி ஊரிலிருந்து கிளம்பி ஸ்பெயினின் தென்கோடியான தரிஃபா வரை போய்ச் சேர்ந்தது. ஆனால் அது மழைத்துளி போல வடிவமைத்து, எடையைக் கசக்கிப் பிழிந்து செய்த வண்டி. நிறுத்தியதும் கூரை விரிந்து பேனலின் பரப்பு இரண்டு மடங்காகும். நம் ஊர்ச் சாதாரண மின்சார வேன் ஒன்றுக்கு நான்கு யூனிட் கொடுத்தால் மாட்டுங்காவிலிருந்து முலுண்டு வரை போகலாம். திரும்பி வர மறுநாள் வெயிலுக்குக் காத்திருக்க வேண்டும். ஆகவே ஓட்டத்துக்கு டீசல், உள்ளே வாழ்வதற்கு வெயில் என்பதே இன்றைய நடைமுறை.

மும்பை வானம்

மும்பை பூமத்திய ரேகைக்கு வடக்கே 19 டிகிரியில் இருக்கிறது. மே நடுவிலும் ஜூலைக் கடைசியிலும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். அதனால் பேனலைச் சாய்க்காமல் கூரையோடு படுக்கவைத்தாலும் வருஷத்தில் பெரிய நஷ்டமில்லை. மே மாதத்துக்கு இது சரி. ஜூலையில் அந்த உச்சிச் சூரியனை மேகம் மூடிவிடுகிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டும் ஊர் இது. அந்த மாதங்களில் கூரையின் வரும்படி பாதியாகக் குறையும்; அடைமழை நாட்களில் அதற்கும் கீழே போகும். வண்டி ஓடும்போது இன்ஜினிலிருந்தும் பேட்டரிக்கு சார்ஜ் ஏறும்படி ஒரு கருவி வைத்துக்கொள்வது மழைக்காலத்துக்கு அவசியம்.

வெயில் அதிகமானால் மின்சாரமும் அதிகம் என்பதும் பாதி உண்மைதான். பேனலுக்கு வேண்டியது வெளிச்சம், சூடு அல்ல. 25 டிகிரிக்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் அதன் உற்பத்தி 0.3 முதல் 0.4 சதவீதம் குறையும். தகரக் கூரையோடு ஒட்டிக் கிடக்கும் பேனல் மே மாதத்தில் 65 டிகிரியைத் தொடுவது சாதாரணம். அதனால் கூரைக்கும் பேனலுக்கும் இடையே இரண்டு அங்குலமாவது காற்றோட்டம் விட வேண்டும். இதில் இன்னொரு ஆதாயமும் உண்டு. பேனல் குடை பிடிப்பதால் வேனுக்குள் வெக்கை குறையும்.

அடுத்தது நிழல். மாட்டுங்கா ஃபைவ் கார்டன்ஸ் பக்கம் மரத்தடியில் வண்டியை நிறுத்தினால் மனிதருக்குச் சுகம், பேனலுக்குப் பட்டினி. பேனலில் உள்ள செல்கள் ஒன்றோடொன்று வரிசையாகக் கோத்தவை. ஒரு கிளையின் நிழல் ஓரத்தில் விழுந்தாலே அந்த வரிசை முழுவதும் படுத்துவிடும். கூரையில் ஏ.சி. பெட்டியோ பெட்டி கட்டும் கம்பியோ இருந்தால் அதன் நிழல் எந்த நேரத்தில் எங்கே விழுகிறது என்று ஒருநாள் பார்த்துவிட்டுப் பேனலுக்கு இடம் குறிப்பது நல்லது. செம்பூர், மாஹுல் பக்கத்துத் தூசியும் புகையும் படுத்த பேனலில் சீக்கிரம் படியும். வாரம் ஒருமுறை, அதிகாலையில், பேனல் குளிர்ந்திருக்கும்போது தண்ணீர் விட்டுத் துடைக்க வேண்டும்.

ஆணியும் ஓட்டையும்

சட்டம் அடிப்பதற்கு மும்பையில் ஆளுக்குப் பஞ்சமில்லை. அலுமினியம் உருக்குவதிலிருந்து தகரம் வளைப்பது வரை தாராவியில் இல்லாத கைத்தொழில் குறைவு. வயரும் ஸ்விட்சும் லோஹார் சாலில் கிடைக்கும். எலெக்ட்ரானிக் சாமான்களுக்கு லேமிங்டன் ரோடு. தப்பு நடப்பது பூட்டும்போதுதான்.

மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் எதிர்க்காற்று பேனலுக்கு அடியில் புகுந்தால் அதைத் தூக்கும் விசை 100 கிலோவையும் எட்டக்கூடும். புனே எக்ஸ்பிரஸ் சாலையில் 28 கிலோ கண்ணாடிப் பலகை ஒன்று பின்னால் வருகிறவர் மேல் பறந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. பசையை மட்டும் நம்புவது ஆபத்து. கூரையின் உள்சட்டத்தோடு பிடிக்கும் போல்ட் வேண்டும், அல்லது வண்டிக்கென்றே செய்த உறுதியான கேரியர் வேண்டும். முன்விளிம்பில் காற்றைத் தள்ளிவிடும் ஒரு தகடும் வேண்டும். துளைத்த இடம் ஒவ்வொன்றையும் பாலியூரித்தேன் சீலன்ட் போட்டு அடைக்க வேண்டும். இல்லாவிட்டால் முதல் மழையில் ஒழுகும். கடல் காற்று உள்ள ஊர் என்பதால் துரு அதற்குப் பின் நிற்காமல் பரவும். வயர் உள்ளே இறங்கும் துளை வண்டியின் பின்பக்கம் பார்த்து இருக்க வேண்டும்.

மின்சார வேலையில் சில விஷயங்களை விட்டுக்கொடுக்க முடியாது. வெளிச்சம் படும்வரை பேனலை அணைக்க முடியாது. எனவே வயர் பூட்டும்போது கெட்டித் துணியால் மூடிவிட வேண்டும். சார்ஜ் கன்ட்ரோலரில் முதலில் பேட்டரி, பிறகு பேனல். கழற்றும்போது முதலில் பேனல். இரண்டு பெரிய பேனலைத் தொடராக இணைத்தால் 100 வோல்ட் டி.சி. நிற்கும், விளையாட்டு அல்ல. 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 1,000 வாட் எடுத்தால் 80 ஆம்பியருக்கு மேல் ஓடும். மெல்லிய வயர் அதில் சூடாகித் தீப்பற்றும். பேட்டரியை விட்டு வெளியே வரும் முதல் சாணுக்குள்ளேயே ஃபியூஸ் இருக்க வேண்டும்.

வீட்டு இன்வெர்ட்டருக்கு வைக்கும் திரவ பேட்டரி மலிவு. ஆனால் 150 ஆம்பியர் பேட்டரி 50 கிலோவுக்கு மேல் கனக்கும், அதன் சக்தியில் பாதியைத்தான் தினமும் எடுக்கலாம், சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் விடும். மூடிய வேனில் அதன் பக்கத்தில் தலை வைத்துப் படுப்பது விவேகமல்ல. லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி விலை அதிகம். ஆனால் எடை குறைவு, ஆயுள் நீளம், வாயுத் தொல்லை இல்லை.

ஆர்.டி.ஓ. என்ன சொல்வார்?

பலர் கடைசியில் யோசிப்பது இதைத்தான். 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி, தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து விலகும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும், கேரள வழக்கு ஒன்றில், இதை அழுத்தமாகச் சொன்னது. இருக்கையைக் கழற்றிக் கட்டில் போடுவதும், கூரையில் எடை ஏற்றுவதும் ஆர்.சி. புத்தகத்தோடு முரண்பட்டால் வண்டி பிடிபடலாம். விபத்து நேர்ந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனி கையை விரிக்கலாம். வேலை தொடங்குமுன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுத்தில் அனுமதி கேட்பதே வழி. செம்பூர்க்காரர்களுக்கு அது வடாலாவில் இருக்கிறது.

ஆச்சரியம் என்னவென்றால், ஒரு பக்கம் அரசுகளே இந்த வண்டிகளை வரவேற்கின்றன. மகாராஷ்டிரம் 2021-ல் கேரவன் சுற்றுலாக் கொள்கை கொண்டுவந்தது. கேரளம் அதே வருஷம் கேரவன் கேரளா திட்டத்தை அறிவித்தது. ஆனால் வீட்டுக் கூரைக்கு 2024 முதல் மத்திய அரசு தரும் சோலார் மானியம், மூன்று கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய், வேன் கூரைக்குக் கிடையாது. அது மின்வாரிய இணைப்புள்ள வீடுகளுக்கு மட்டும்.

மும்பைத் தமிழர்களுக்கு நீண்ட பயணம் புதிதல்ல. தாராவியிலிருந்து திருநெல்வேலிக்கு 1,500 கிலோமீட்டருக்கு மேல். பள்ளி விடுமுறை விட்டதும் பிள்ளைகுட்டிகளோடு கிளம்பும் அந்தப் பயணத்தில், வழியில் எங்கே நிறுத்தினாலும் விசிறி சுழலும், குழந்தைக்குப் பால் கெடாமல் இருக்கும், விளக்கு எரியும் என்றால் பேனலுக்குக் கொடுத்த காசு வீணில்லை. அதற்கு ஒன்றரை யூனிட் போதும். நம் வீட்டு வசதி அத்தனையும் கூடவே வர வேண்டும் என்பவர்களுக்கு எந்தக் கூரையும் போதாது.