செடிக்குத் தண்ணி தவிக்குதா, மூச்சு முட்டுதா?

கப்பலூர் சுங்கச்சாவடிப் பக்கம் வந்திருக்கிறீர்களா? இரவும் பகலும் லாரிகள் ஓடும் நான்குவழிச் சாலை அது. அந்தச் சாலையோரத்துப் பஞ்சர் கடையில் பார்த்த ஒரு வேலைதான், சென்ற சித்திரையில் எங்கள் வீட்டுச் செடி ஒன்றைப் பிழைக்க வைத்தது.

எங்கள் வீட்டுக்குள் ஜன்னலோரம் ஒரு மணி பிளாண்ட் இருக்கிறது. பளபளப்பான பீங்கான் தொட்டி. பக்கத்து வீட்டில் ஆறாம் வகுப்புப் படிக்கும் பெண்தான் அதற்குத் தினமும் தண்ணீர் ஊற்றுவாள். ஒருநாள் அவள் முகம் வாடியிருந்தது.

“அத்தை, இதுக்கு ரொம்பத் தண்ணி தவிக்குது போல. நேத்தும் ஊத்துனேன், முந்தாநாளும் ஊத்துனேன். இன்னும் தலையத் தொங்கப் போட்டுக்கிட்டே இருக்கு.”

சொல்லிக்கொண்டே சொம்பை எடுத்தாள். நான் அவள் கையைப் பிடித்தேன்.

“பொறு. டயர் இறங்கிப்போச்சுன்னு பஞ்சர் கடைக்குக் கொண்டுபோனா, உடனே காத்து அடிப்பாங்களா?”

“மாட்டாங்க. ட்யூபைத் தண்ணித் தொட்டில முக்கிப் பாப்பாங்க. எங்க குமிழி வருதோ அங்கதான் ஓட்டை.”

“நாமளும் முதல்ல ஓட்டையத் தேடுவோம். அப்புறம் ஊத்தலாம்.”

இலைக்குள் ஒரு டயர்

நமக்கு எலும்பு இருக்கிறது, நிற்கிறோம். கொத்தமல்லிக்கு எலும்பும் இல்லை, மரம்போலக் கட்டையும் இல்லை. அது எப்படி நிமிர்ந்து நிற்கிறது?

இலையும் இளந்தண்டும் கோடிக்கணக்கான செல்களால் ஆனவை. ஒவ்வொரு செல்லும் தண்ணீர் நிரம்பிய சிறு பை. உள்ளே இருக்கும் தண்ணீர் பையின் சுவரை வெளியே தள்ளுவதால் செல் விறைப்பாக இருக்கிறது. காற்றடைத்த டயர் விறைப்பாக நிற்பது போலத்தான். காருக்கு 30, 35 பாயிண்ட் காற்று அடிப்பார்கள். அதே கணக்கில் பார்த்தால், நன்றாகத் தண்ணீர் குடித்த இலைச் செல்லுக்குள் இருக்கும் அழுத்தம் பல செடிகளில் 70 முதல் 140 பாயிண்ட் வரை வரும்! தண்ணீர் குறைந்தால் அழுத்தம் குறையும், இலை துவளும்.

இன்றைக்கே சோதித்துப் பாருங்கள். வாடிய கொத்தமல்லித் தண்டின் அடியைச் சிறிது நறுக்கிவிட்டு, ஒரு டம்ளர் தண்ணீரில் நிறுத்துங்கள். சில மணி நேரத்தில் நிமிரத் தொடங்கும்.

தண்ணீர் எங்கே போகிறது?

இங்கிலாந்தில் ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற பாதிரியார் இருந்தார். ஒரு சூரியகாந்தித் தொட்டியின் மண்ணை மூடிவிட்டு, காலையும் மாலையும் தொட்டியை எடை போட்டார். மண்ணிலிருந்து ஆவி போக வழியில்லை. ஆனாலும் எடை குறைந்துகொண்டே வந்தது. தண்ணீர் இலை வழியாகத்தான் காற்றில் போகிறது என்று கண்டுகொண்டு, 1727-ல் ஒரு நூலில் எழுதினார்.

இலையில் கண்ணுக்குத் தெரியாத வாய்கள் உண்டு. அவற்றை இலைத்துளைகள் என்போம். வேர் உறிஞ்சும் தண்ணீரில் 100-க்கு 95 பங்குக்கும் மேல் இவற்றின் வழியே ஆவியாகிவிடும். உறிஞ்சுவதைவிட ஆவியாவது கூடிப்போனால் செடி வாடும். நம்மூர் உச்சிவெயிலில் பூசணிக்கொடி துவண்டு, பொழுது சாய்ந்ததும் தானே நிமிர்வது இதனால்தான். அந்த வாட்டத்துக்கு வைத்தியம் தேவையில்லை.

விரல்தான் கருவி

இனி எங்கள் மணி பிளாண்டுக்கு வருவோம். “மண்ணுல விரல விடு” என்றேன். இரண்டு கணு ஆழத்துக்கு விட்டாள்.

“அய்யோ, சொதசொதன்னு இருக்கு அத்தை. நாத்தமும் அடிக்குது.”

அவளுக்கு ஒரே குழப்பம். மண் நிறையத் தண்ணீர் இருக்கும்போது செடி ஏன் வாட வேண்டும்?

வேரும் மூச்சு விடுகிறது. மண் துகள்களுக்கு நடுவே இருக்கும் காற்றிலிருந்து அது ஆக்சிஜனை எடுத்துக்கொள்கிறது. அந்தச் சந்துகளை எல்லாம் தண்ணீர் அடைத்துக்கொண்டால் என்ன ஆகும்? காற்றில் பரவுவதைவிடத் தண்ணீரில் ஆக்சிஜன் ஏறக்குறைய 10,000 மடங்கு மெதுவாகப் பரவும். மூச்சு முட்டிய வேருக்கு வேலை செய்யத் தெம்பு இராது. பிறகு பூஞ்சை போன்ற நுண்ணுயிர்கள் புகுந்து வேரை அழுக வைக்கும். அழுகிய வேரால் தண்ணீர் உறிஞ்ச முடியாது. தண்ணீருக்குள் நின்றுகொண்டே செடி தவிக்கும்.

“அப்ப நெல்லு மட்டும் வயல் தண்ணிக்குள்ளயேதான நிக்குது?” என்று மடக்கினாள்.

நல்ல கேள்வி! நெல்லின் தண்டுக்கும் வேருக்கும் உள்ளே காற்றுக் குழாய்கள் இருக்கின்றன. தாமரைத் தண்டை ஒடித்தால் தெரிகிற ஓட்டைகளும் அப்படிப்பட்டவைதான். மேலே இருக்கும் காற்று அந்த வழியே வேருக்கு இறங்கும். பாட்டில் தண்ணீரிலும் மணி பிளாண்ட் வளர்கிறதே என்கிறீர்களா? அதன் வேர்கள் தண்ணீரிலேயே பிறந்து அதற்குப் பழகியவை. மண்ணில் வளர்ந்த வேருக்குத் திடீரென்று அந்தப் பழக்கம் வராது.

ஓட்டை எங்கே?

தொட்டியைச் சாய்த்தோம். அடியில் ஓட்டையே இல்லை! ட்யூபில் ஓட்டை இருந்தால் கேடு. தொட்டிக்கு ஓட்டை இல்லாததுதான் கேடு.

செடியை மண்ணோடு வெளியே எடுத்து வேரைக் கழுவினோம். நல்ல வேர் வெளிறிய நிறத்தில் திடமாக இருக்கும். அழுகியது பழுப்பாகக் கொழகொழவென்று கையோடு வரும். கொதிநீரில் கழுவிய கத்தரிக்கோலால் அழுகியதை வெட்டினோம். (கத்தரி வேலைக்குப் பெரியவர்களைக் கூப்பிடுங்கள். மணி பிளாண்டின் சாறு வாயில் பட்டால் எரியும், கையைக் கழுவிவிடுங்கள்.) ஓட்டையுள்ள மண்தொட்டியில் செம்மண், மணல், தென்னைநார்க் கழிவு, மக்கிய உரம் கலந்து நட்டோம். எங்கள் திருமங்கலம் பக்கத்துக் கரிசல் மண் பருத்திக்கு அருமையானது. ஆனால் தண்ணீரை இறுகப் பிடித்துக்கொள்ளும் என்பதால் தொட்டிக்கு அதை மட்டும் போடுவதில்லை.

ஒரு முறை நனைத்தோம். அப்புறம் விரலுக்கு ஈரம் தட்டாத நாளில் மட்டும் தண்ணீர். நேர் வெயில் படாத, வெளிச்சமான இடம்.

உங்கள் வீட்டுச் செடிக்கு

மண் காய்ந்து, தொட்டி லேசாக இருந்தால் அது உண்மையான தாகம். சில நேரம் மண் மிகக் காய்ந்து ஓரமாகச் சுருங்கியிருக்கும். ஊற்றிய தண்ணீர் வேரைத் தொடாமல் விளிம்பு வழியே ஓடிவிடும். அப்போது தொட்டியை வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் வைத்து எடுத்து, வடிய விடுங்கள்.

மண்மேல் வெள்ளையாகப் பூத்து, இலை நுனி கருகியிருந்தால் உப்பைச் சந்தேகியுங்கள். எங்கள் வீட்டு போர் தண்ணீர் அப்படித்தான். மண்ணில் உப்பு ஏறினால் வேர் தண்ணீரை இழுக்கத் திணறும். மழைத் தண்ணீரையோ நல்ல தண்ணீரையோ நிறைய ஊற்றி, அடி ஓட்டை வழியே உப்பை வடிய விட வேண்டும்.

எங்கள் செடிக்கு முதல் வாரத்தில் இரண்டு இலைகள் பழுத்து விழுந்தன. அந்தப் பெண் அழாத குறைதான். நான்காவது வாரம், சுருட்டிய பாய் போல ஓர் இளந்தளிர் எட்டிப் பார்த்தது.

இப்போதும் தினமும் வருகிறாள். வந்ததும் சொம்பைத் தேடுவதில்லை. முதலில் விரலை மண்ணில் வைத்துப் பார்க்கிறாள். “இன்னைக்கு வேணாம் அத்தை” என்று சொல்லிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு விளையாடப் போய்விடுகிறாள்.