ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய பின்

தறியிலும் காட்டிலும் உழைத்து முதுமை எய்திய நம் அங்கத்தினர்கள் கண்புரைக்கோ, தேய்ந்த மூட்டுக்கோ, முறிந்த இடுப்பெலும்புக்கோ ரண சிகிச்சை செய்துகொள்வது இன்று சாதாரணமாகிவிட்டது. கோவையில் தேர்ந்த டாக்டர்களுக்குக் குறைவில்லை. ஆயினும் புண் ஆறுவது பெரும்பாலும் வீட்டில்தான். அங்கே டாக்டர் இல்லை. இந்த இடைவெளியைப் பற்றி இம்மாதம் சில வார்த்தைகள் எழுத விரும்புகிறோம்.

சென்ற ஆண்டு சென்னிமலைப் பக்கம் ஒரு நெசவாளர் சங்கத்திற்கு ஆய்வுக்குச் சென்றிருந்தோம். எழுபது வயதைத் தாண்டிய அங்கத்தினர் ஒருவர் பேரனின் தோளைப் பற்றிக்கொண்டு கூலி வாங்க வந்தார். கண்புரை நீக்கி ஐந்து நாட்களே ஆகியிருந்தன. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றியதும் கண் செக்கச் செவேலென்று இருப்பதைக் கண்டோம். முந்தின நாள் முதல் வலியும் இருந்ததாம்.

"ஏனுங்க தம்பி, இதுக்குன்னு பஸ் ஏறிப் போவோணுமுங்களா? ரெண்டு நாள்ல தானாச் சரியாயிருமுங்க" என்றார். உடன் வந்தால் பேரனின் ஒரு நாள் சம்பாத்தியம் போய்விடுமே என்பது அவர் கவலை.

சங்கக் காரியதரிசி, ஆஸ்பத்திரிச் சீட்டிலிருந்த எண்ணைத் தம் கைப்பேசியில் அழைத்தார். வலி கூடுகிறதா, பார்வை மங்குகிறதா, பீளை வடிகிறதா என்று டாக்டர் வினவினார். கண்ணைப் படக்கருவிக்கு நேரே காட்டச் சொன்னார். "நாளைக்கு வேண்டாம், இப்பொழுதே புறப்படுங்கள்" என்றார். கண்ணுக்குள் கிருமி புகுந்திருந்தது. பார்வை முழுதும் திரும்பவில்லையெனினும், இழை எண்ணும் அளவுக்குத் தப்பியது.

அதே ஊரில் பாவு ஓட்டும் மூதாட்டி ஒருவர், இதே நிலையில் ஒரு வாரம் பொறுத்திருந்து ஒரு கண்ணை இழந்தவர். "கேக்கறதுக்கு ஆளில்லாமப் போச்சுங்க" என்று அவர் நம்மிடம் சொன்னார்.

தொலைவிலிருந்து சிகிச்சை கூறும் முறை நமக்குப் புதிதன்று. டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976-ல் மதுரையில் 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, 1997-ல் கோவைக்கும் வந்தது. 2004 முதல் அந்நிறுவனம் சிற்றூர்களில் பார்வை மையங்களை அமைத்து வருகிறது. அங்கே பயிற்சி பெற்ற ஊழியர் கண்ணைப் பரிசோதித்துப் படத்தை அனுப்ப, நகரத்து டாக்டர் திரையின் வழியே நோயாளியுடன் பேசி முடிவு சொல்கிறார். இன்று இத்தகைய மையங்கள் நூற்றுக்கு மேல் உள்ளன.

மத்திய அரசின் இ-சஞ்சீவனி சேவை 2019 நவம்பரில் சுகாதார நிலையங்களின் வழியாகவும், 2020 ஏப்ரலில் வீட்டிலிருந்தே பெறத்தக்க வகையிலும் தொடங்கியது, கட்டணமில்லை. தமிழக அரசு 2021 ஆகஸ்டு 5-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், நடக்க இயலாதவருக்கு வீட்டிலேயே இயன்முறைச் சிகிச்சை அளிக்கவும் வழி உண்டு.

ஆனால் கைப்பேசி புண்ணைத் தொட்டுப் பார்க்காது. கண்ணின் உட்புறத்தைக் காட்டாது. காத்திருக்கலாமா, உடனே புறப்பட வேண்டுமா என்பதை உரிய வேளையில் அறிவதே அதன் பெரும் பயன். காய்ச்சல், புண்ணில் சீழ் அல்லது பரவும் சிவப்பு, கெண்டைக்காலில் வலியோடு கூடிய வீக்கம், கண்ணில் வலியும் மங்கலும் ஆகியவை தோன்றினால் அன்றே டாக்டரை அழைக்க வேண்டும். மூச்சுத் திணறலோ மார்பு வலியோ கண்டால் ஆலோசனைக்குக் காத்திராமல் 108-ஐ அழைக்க வேண்டும்.

சங்கங்கள் செய்யத்தக்கவை மூன்று. சிகிச்சை முடிந்து திரும்பும் அங்கத்தினரின் சம்மதம் பெற்று, அழைக்க வேண்டிய எண், மருந்து விவரம், மறு பரிசோதனைத் தேதி ஆகியவற்றின் நகலைச் சங்கத்தில் வைத்தல் ஒன்று. கைப்பேசி கையாளத் தெரிந்த இளைஞர் ஒருவரைப் பொறுப்பாக்கி, முதல் இரு வாரங்கள் நாள்தோறும் நலம் விசாரிக்கச் செய்தல் இரண்டு. புண்ணைப் படமெடுத்தால் பகல் வெளிச்சத்தில் எடுத்து டாக்டருக்கு மட்டுமே அனுப்புக. அவசர வண்டி வாடகைக்குப் பொது நல நிதியிலிருந்து, விதிகளுக்கு உட்பட்டு, முன்கூட்டியே பொதுச் சபையின் தீர்மானம் பெற்று வைத்தல் மூன்று.

இழை அறுந்தால் தறியை நிறுத்தி உடனே பிணைக்கிறோம். முழம் நெய்த பின் பார்த்துக்கொள்ளலாம் என்று எவரும் விடுவதில்லை. உடம்பின் விஷயத்திலும் அந்த வழக்கமே வேண்டும். கேட்பதற்கு ஆளில்லாமற் போயிற்று என்று நம் அங்கத்தினர் எவரும் இனிச் சொல்ல நேராதபடி, அடுத்த பொதுச் சபையிலேயே இதனை ஆலோசனைக்கு எடுத்துக்கொள்ளுமாறு சங்கங்களைக் கேட்டுக்கொள்கிறோம்.